பணியிடப் பாலியல் தொல்லை: புகார் மனுவிலிருந்து நீதிமன்றம் வரை

அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போய் நீதிபதியிடம் நடந்ததைச் சொல்லலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி நடப்பதில்லை. 'போஷ்' என்று அலுவலகங்களில் சொல்லப்படும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் விசாரிப்பது ஒரு குழு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது நீதிபதி முன் இருப்பது அந்தக் குழுவின் கோப்பு. உங்கள் மனு, உங்கள் வாக்குமூலம், சாட்சிகள் சொன்னது, தேதிகள் ஆகியவற்றைத்தான் அவர் படிப்பார். நடந்ததை முதலிலிருந்து கேட்க மாட்டார். போலீஸ் வழக்கு தனி வழி, அதை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது இந்த வழி முழுக்க நடந்து வந்தவள் நான். எந்தத் தாளை எப்போது கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல அப்போது எனக்கு யாரும் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் பெண்களை மனத்தில் வைத்து எழுதியது. மத்தியச் சட்டங்களைப் பற்றிய பகுதி மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

1. முதல் வேலை: காலண்டரைப் பாருங்கள்

சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். அதற்குள் கொடுக்க முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஏற்றுக்கொண்டால், காரணத்தைப் பதிவு செய்து இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஆக மொத்தம் 6 மாதம்.

இந்தக் கெடு விஷயத்தில் நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன. மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் கொடுத்த புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியாகத் தொல்லை நடந்தது 2023 ஏப்ரலில், புகார் கொடுத்தது டிசம்பரில். ஏப்ரலுக்குப் பிறகு தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதே தொல்லையின் தொடர்ச்சிதான் என்று ஆசிரியை வாதாடினார். நீதிமன்றம் அதை நிர்வாக நடவடிக்கை என்று தனியாகப் பிரித்துவிட்டு, புகார் காலம் கடந்தது என்று 2025 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் இந்தத் தீர்ப்பைச் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனாலும் புகாரில் சொன்னது உண்மையா என்று யாரும் விசாரிக்கவே இல்லை.

இதை உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். பழிவாங்கலாக அப்ரைசலில் மார்க் குறைத்தார்கள், ஷிஃப்ட் மாற்றினார்கள் என்பதைக் கடைசிச் சம்பவமாக வைத்து நாள் எண்ணாதீர்கள். பேச்சு, தொடுகை, மெசேஜ் என்று நேரடியாக நடந்த கடைசி நாளிலிருந்து எண்ணுங்கள். 3 மாதம் தாண்டியிருந்தால் தாமதத்துக்கான காரணத்தைத் தனித் தாளில் எழுதி, மருத்துவச் சீட்டு, மிரட்டல் மெசேஜ் என்று கையில் இருப்பதை இணையுங்கள்.

இங்கே விழுகிறவர்கள்தான் அதிகம்: ஹெச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னது புகார் ஆகாது. "நாங்க பேசிக்கிறோம், கொஞ்சம் பொறுங்க" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கெடுவிலிருந்துதான் கழிகிறது.

2. மனுவை யாரிடம் கொடுப்பது

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடமென்றால் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் அலுவலர் தலைவர், குறைந்தது இரண்டு ஊழியர்கள், தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்தத் துறையில் பழக்கம் உள்ளவராகவோ ஒரு வெளி உறுப்பினர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், பயிற்சிக்கு வந்தவர் என யாராக இருந்தாலும் புகார் கொடுக்கலாம். வேலையை விட்ட பிறகும் கெடுவுக்குள் கொடுக்கலாம்.

10 பேருக்குக் குறைந்த இடம், முதலாளி மீதே புகார், வீட்டு வேலை பார்க்கும் பெண் ஆகிய மூன்றுக்கும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' தளம் வழியாகவும் மனு போடலாம். அது சம்பந்தப்பட்ட குழுவுக்குத்தான் போய்ச் சேரும்.

குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் குழு இல்லையென்றால் அதையும் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். தொல்லை கொடுத்தவர் வேறு நிறுவனம் அல்லது வேறு துறையைச் சேர்ந்தவர் என்றால் அவர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் இடத்துக் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

3. ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள்

அருவருப்பில் மெசேஜ்களை அழித்துவிடத் தோன்றும். அழிக்காதீர்கள், அவரை பிளாக் செய்யும் முன் முழு உரையாடலையும் சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். மெசேஜ் வந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்பார்கள். ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர் நிரப்ப வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால்தான் இது சிக்கலில்லாமல் முடியும்.

சிசிடிவி பதிவு சீக்கிரமே அழிந்து அதன்மேல் புதியது பதிவாகிவிடும். எந்த கேமரா, எந்தத் தளம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, "இதைப் பாதுகாத்து வைக்கவும்" என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவு பிறகு காணாமல் போனாலும், நீங்கள் கேட்டீர்கள் என்பது கோப்பில் நிற்கும்.

யாருமே பார்க்கவில்லையே என்று கலங்க வேண்டாம். இப்படிப்பட்ட தொல்லை பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்தில்தான் நடக்கும் என்பது குழுவுக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். குழு விசாரணையில் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அன்று மாலை தோழிக்கு அனுப்பிய மெசேஜ், அக்காவிடம் அழுதுகொண்டே பேசிய போன் அழைப்பின் நேரம், மறுநாள் போட்ட லீவு, மருத்துவரைப் பார்த்த ரசீது எல்லாமே துணை ஆதாரங்கள்தான்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே காரணமாக வைத்து உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப் பார்ப்பார்கள்.

4. புகார் மனு எழுதுவது

மொத்தத்தில் இதுதான் முக்கியமான தாள். பிறகு வரும் எல்லா இடங்களிலும் இதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

நம் வளர்ப்பு நம்மைப் பூசி மெழுகித்தான் எழுத வைக்கும். "தகாத முறையில் நடந்துகொண்டார்", "தவறாகப் பேசினார்" என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என்ன வார்த்தை சொன்னார், எந்த இடத்தில் தொட்டார், எவ்வளவு நேரம், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். எழுதக் கை கூசும், எனக்கும் கூசியது. மனுவில் மேலோட்டமாக எழுதிவிட்டு விசாரணையில் விவரமாகச் சொன்னால், "இது பின்னால் யோசித்துச் சேர்த்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். நீதிமன்றத்தில் அதையேதான் பெரிதுபடுத்துவார்கள்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் எண் போட்டுத் தனிப் பத்தி. தேதி துல்லியமாக நினைவில்லை என்றால் ஊகித்துப் போடாதீர்கள். "பொங்கல் விடுமுறை முடிந்த வாரம்" என்று எழுதுவதே மேல். தவறான ஒரு தேதியை வைத்து, அன்று அவர் ஊரிலேயே இல்லை என்று விமான டிக்கெட்டைக் காட்டிவிடுவார்கள். கடைசிச் சம்பவத்தின் தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும், கெடுவை அதிலிருந்துதான் பார்ப்பார்கள்.

முடிவில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: விசாரணை, நடவடிக்கை, இழப்பீடு, இடைக்கால நிவாரணம். சாட்சிகளின் பெயர், முகவரி, ஆவணப் பட்டியல் சேர்த்து 6 நகல்கள் கொடுக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். உங்களால் எழுத முடியவில்லை என்றால், எழுத உதவ வேண்டியது குழுத் தலைவரின் கடமை.

5. கொடுத்ததற்கு அத்தாட்சி, உடனடிப் பாதுகாப்பு

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விசாரணை முடியும் வரை உங்களையோ அவரையோ இடம் மாற்றக் கேட்கலாம். வழக்கமான விடுப்பு போக 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு கேட்கலாம். உங்கள் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்றும் கேட்கலாம். இவை எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமலே உங்களைத் தூக்கி வேறு ஊருக்குப் போட்டால் எதிர்ப்பை உடனே எழுத்தில் பதிவு செய்யுங்கள். முறைகேட்டையும் தொல்லையையும் வெளியே சொன்ன வங்கிப் பெண் அதிகாரி ஒருவருக்குக் கொடுத்த இடமாற்றத்தை 2020இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது.

ராஜினாமா செய்யச் சொல்லி வற்புறுத்துவார்கள். கணக்கு முடிக்கும் படிவத்தில் "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் நிறுத்துங்கள்.

சமரசம் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் கேட்டால் மட்டுமே அது நடக்கலாம், பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்கக் கூடாது. சமரசம் ஆகிவிட்டால் அதோடு குழு விசாரணை கிடையாது. "அவர் குடும்பஸ்தர், விட்டுடும்மா" என்ற பேச்சுக்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

6. குழு விசாரணை நடக்கும் நாள்கள்

மனு வந்து 7 வேலை நாளுக்குள் தொல்லை கொடுத்தவருக்கு நகல் போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இரு தரப்பும் வக்கீலைக் குழு முன் அழைத்து வர முடியாது. வெளியே ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.

முதல் அமர்விலேயே குழுவில் யார் யார் என்று எழுத்தில் கேளுங்கள். தலைவரோடு சேர்த்து குறைந்தது 3 பேர் உட்கார வேண்டும். வெளி உறுப்பினர் இல்லை, தொல்லை கொடுத்தவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் குழுவில் இருக்கிறார் என்றெல்லாம் இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். அறிக்கை பாதகமாக வந்த பிறகு முதல் தடவையாக இதைச் சொன்னால், அப்போது ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் வாக்குமூலத்தை அவர்கள் தட்டச்சு செய்து நீட்டும்போது களைத்துப் போயிருப்பீர்கள். இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நீங்கள் "இடுப்பில் கை வைத்தார்" என்று சொன்னது "அருகில் வந்தார்" என்று மாறியிருக்கலாம். திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள். அவருடைய பதில் மனுவின் நகலையும் கேளுங்கள். அவர் முகம் பார்த்துப் பேச முடியாது என்றால், குறுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழு வழியாகக் கேட்கும்படி கோரலாம். உங்கள் உடை, பழக்கவழக்கம், திருமண வாழ்க்கை பற்றிக் கேள்வி வந்தால் பதிலைவிட எதிர்ப்பு முக்கியம். "இந்தக் கேள்வியையும் என் ஆட்சேபத்தையும் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள்.

தொடர்ந்து 3 அமர்வுக்குக் காரணமில்லாமல் வராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விசாரணையை முடிக்கவோ ஒருதலையாக நடத்தவோ குழுவால் முடியும். உடம்பு முடியவில்லை என்றால் மின்னஞ்சலில் மருத்துவச் சீட்டோடு தெரிவியுங்கள்.

அவருக்கும் முறையான வாய்ப்புக் கொடுக்கச் சொல்லி நீங்களே வலியுறுத்துங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். கோவாவில் ஒரு பேராசிரியர் மீதான விசாரணையைக் குழு அவசர அவசரமாக நடத்தி முடித்தது. அவர் வேலையும் போனது. 2023இல் உச்ச நீதிமன்றம், அவருக்குப் போதிய அவகாசம் தரவில்லை என்று அந்த முடிவை ரத்து செய்து, விசாரணையை விட்ட இடத்திலிருந்து மறுபடி நடத்தச் சொன்னது. புகார் கொடுத்தவர்கள் அத்தனை ஆண்டு கழித்து மீண்டும் சாட்சி சொல்ல வேண்டிய நிலை. அவர் கேட்கும் ஒரு வாரம் அவகாசம் இன்றைக்கு எரிச்சலாக இருக்கும், மேல்முறையீட்டில் அதுவே உங்கள் அறிக்கையைக் காப்பாற்றும்.

"நிரூபிக்க முடியவில்லை என்றால் உன் மேலேயே நடவடிக்கை" என்று பயமுறுத்துவார்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தது தனி விசாரணையில் நிரூபணமாக வேண்டும்.

7. அறிக்கையும் மேல்முறையீடும்

விசாரணை முடிந்து 10 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும், உங்களுக்கும் ஒரு நகல் தர வேண்டும். நிறுவனம் 60 நாளுக்குள் செயல்பட வேண்டும். இழப்பீடு என்றால் அவர் சம்பளத்தில் பிடிக்கலாம். மன உளைச்சல், தவறிய பதவி உயர்வு, மருத்துவச் செலவு, அவருடைய வருமானம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். மருந்துக் கடை ரசீதைக்கூட வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அறிக்கையில் திருப்தி இல்லை என்றால் பரிந்துரை வந்ததிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு. எங்கே என்பதில்தான் குழப்பம். மத்திய அரசு ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் தனித் தீர்ப்பாயம் இல்லாததால் சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றம். தனியார் நிறுவனம் என்றால் 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழான மேல்முறையீட்டு அதிகாரி என்று விதி சொல்கிறது. சென்னையில் இந்த மேல்முறையீடுகள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. 2025 நவம்பரில் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. அதனால் அறிக்கை கைக்கு வந்த அன்றே வக்கீலிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். தவறான மன்றத்தில் போட்டுத் திருப்பி வாங்குவதற்குள் 90 நாள் ஓடிவிடும். தனியார் நிறுவனத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேராக மனு (ரிட் மனு) போட்டால் எடுபடுவது கடினம்.

மேல்முறையீட்டில் நீதிபதி பார்ப்பது மூன்று: குழு முறையாக அமைந்ததா, இரு தரப்புக்கும் வாய்ப்புக் கிடைத்ததா, முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் குழு அறிக்கையைத் தொழிலாளர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அறிக்கையை மீண்டும் நிலைநிறுத்தியது. தொல்லை கொடுத்தவர் என்ன நோக்கத்தில் செய்தார் என்பதைவிட அந்தச் செயல் அந்தப் பெண்ணை எப்படிப் பாதித்தது என்பதே முக்கியம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். "நான் சாதாரணமாகத்தான் தொட்டேன்" என்ற வாதம் உங்கள் வழக்கிலும் வரும். வக்கீலிடம் இந்தத் தீர்ப்பை நினைவுபடுத்துங்கள்.

8. போலீஸும் குற்றவியல் நீதிமன்றமும்

குழுவில் புகார் கொடுத்தாலும் போலீசுக்குப் போகலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். நீங்கள் விரும்பினால் போலீஸ் புகாருக்கு உதவ வேண்டியது நிறுவனத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாலியல் தொல்லைக்கு 75ஆம் பிரிவு, உடல்ரீதியான தாக்குதலுக்கு 74, பின்தொடர்தலுக்கு 78, சொல்லாலும் சைகையாலும் அவமதித்ததற்கு 79. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தையும் சேர்ப்பார்கள். ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் 75ஆம் பிரிவில் தண்டனை 1 ஆண்டு வரை, அதனால் வழக்குக்கான கெடுவும் 1 ஆண்டுதான். மற்றவற்றுக்குக் காலம் கூடுதல்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. வழக்குப் பதிவானது எஃப்.ஐ.ஆர். எண் வந்தால்தான். 75ஆம் பிரிவு போன்றவற்றில் துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திக்கொள்ளலாம். அதன் பிறகும் பதியாவிட்டால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ சென்னை போன்ற ஊரில் ஆணையர் அலுவலகத்துக்கோ தபாலில் மனு, பிறகு நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் காவலர்தான் பதிய வேண்டும்.

அடுத்து நடுவர் முன் வாக்குமூலம். முடிந்தவரை பெண் நடுவரே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். குழுவுக்குக் கொடுத்த மனுவை முதல் நாள் இரவு ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள், இரண்டும் முரணாக இருக்கக் கூடாது. 90 நாளுக்குள் புலனாய்வின் நிலையைப் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வாய்தா மேல் வாய்தா போகும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை கடுமையாக இருக்கும். ஆபாசமான, அவமதிக்கும் கேள்விகளைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அரசு உதவி வழக்கறிஞரை முன்னதாகவே பார்த்து, அப்படி வந்தால் எழுந்து ஆட்சேபிக்கச் சொல்லிவையுங்கள். இங்கே 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற அளவுகோல் இருப்பதால் அவர் விடுதலை ஆகவும் கூடும். அதனால் மட்டும் குழு எடுத்த முடிவு ரத்தாகாது.

9. செலவு

குழுவுக்கும் போலீசுக்கும் கட்டணம் எதுவும் இல்லை. எஃப்.ஐ.ஆர். வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான். செலவு வருவது மேல்முறையீட்டிலும் ரிட்டிலும். வக்கீல் ஃபீஸ் ஆளுக்கு ஆள் மாறும். மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தட்டச்சு, நகல், சான்றிட்ட நகல், பயணம், சம்பளமில்லா லீவு என்று சில்லறையாகப் போவதும் கணக்குப் பார்த்தால் கணிசமாக வரும்.

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. நல்ல சம்பளம் வாங்குபவருக்கும் பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். அவசர ஆபத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181. போகும்போது அடையாள அட்டை, புகார் மனுவின் நகல், அத்தாட்சி ரசீது, குழு அறிக்கை, சம்பளச் சீட்டு, தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கச் சுருக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அங்கே ஒதுக்கும் வக்கீல் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரை ஒதுக்கும்படி எழுதிக் கேளுங்கள். மூலப் பிரதிகளை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.